ஹெப்சிபா கொடுக்காத காணிக்கை

பாளையங்கோட்டையில் ஹெப்சிபா டீச்சர் என்றால் பலருக்கும் தெரியும். கணக்கு டீச்சர், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டாள். வகுப்பில்கூடக் குரலை உயர்த்தாதவள், தங்கமான பெண் என்று பேர். அந்தத் தங்கமான பெண் பல வருஷமாக ஒரு மனுஷனைக் கறுவிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த மனுஷன் வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார் அருமைநாயகம்தான்.

காரணம் ஒரு பியானோ. ஏதோ ஒரு மிஷன் பங்களாவைக் காலி பண்ணியபோது அவளுடைய அப்பா வாங்கிப் போட்டது. சின்ன வயதிலிருந்து அதில்தான் பழகினாள். கல்யாணமானபோது பீரோ, கட்டிலோடு அதுவும் புருஷன் வேதமுத்துவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் மாமனார் இருக்கும்போது கீர்த்தனை வாசிப்பாள். அவர் சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பியதும் தனக்குப் பிடித்ததை எடுப்பாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஏக்கமும் காதலுமாக எழுதிவைத்த பியானோப் பாட்டுகள் அவை. நாக்டர்ன் என்பார்கள், வால்ட்ஸ் என்பார்கள். அதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. இடது கை வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். வலது கை நினைத்த இடத்தில் தயங்கி நிற்கும், பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். நாள் முழுக்கக் கணக்கு சரியா தப்பா என்று பார்க்கிறவளுக்கு, கணக்கு தப்பித் தப்பிச் சரியாகிற அந்த இடத்தில் உடம்பே சிலிர்க்கும். மேடை ஏறவோ யாரிடமும் பேர் வாங்கவோ ஆசையில்லை. அது அவளுக்கே அவளுக்கு.

ஒருநாள் கூட்டம் சீக்கிரம் முடிந்து அருமைநாயகம் வந்துவிட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சுக்கு வீட்டிலும் மறுபேச்சு கிடையாது, சபையிலும் கிடையாது. வாசற்படியிலேயே நின்று முழுக்கக் கேட்டார்.

“இது என்ன கீர்த்தனை?”

“கீர்த்தனை இல்ல மாமா. சும்மா ஒரு பாட்டு. வார்த்தை கிடையாது.”

“கோவில்ல பாடாத பாட்டு எல்லாமே உலகப் பாட்டுதான். வார்த்தை இல்லாத பாட்டுக்குப் பிசாசு வார்த்தை போட்டுக் குடுத்துருவாம்.”

அதோடு உள்ளே போய்விட்டார். திட்டவில்லை, பூட்டவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று ஹெப்சிபா நினைத்தாள், பாவம்.

ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. சபையார் அவரவர் காணிக்கையாக வாழைத்தார், கோழி, பூசணிக்காய் என்று கொண்டுவந்து கோவில் வளாகத்தில் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்த ஹெப்சிபா, வாழைத்தார்களுக்கு நடுவில் தன் பியானோவைப் பார்த்தாள். அவள் முன்னாலேயே கோவிலுக்கு வந்துவிட்ட நேரம் பார்த்து, பின்னாலேயே வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார் மாமனார். மூடியின்மேல் யாரோ காலைக் கட்டிப் போட்ட ஒரு வெடக்கோழி கிடந்தது.

“நம்ம அருமைநாயகம் ஐயா மருமகள் ஹெப்சிபா டீச்சர் மனமுவந்து கொடுத்த காணிக்கை!” என்று மைக்கில் சத்தம். சபையே கைதட்டியது. குருவானவர் வந்து கைகுலுக்கினார். ஆண்டவருக்குக் கொடுத்ததை, ஐயோ நான் கொடுக்கவில்லை என்று எந்தப் பெண்பிள்ளை அங்கன நின்று சொல்லமுடியும்? சிரித்துக்கொண்டே நின்றாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். வள்ளியூர் மரக்கடைக்காரர் ஒருவர் எடுத்தார். நல்ல கட்டை, உடைத்தால் இரண்டு அலமாரிக்கு ஆகும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதமுத்து தகப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளை. “போனது போவுது ஹெப்சி, பெரியவங்க செஞ்சா ஒரு காரணம் இருக்கும்” என்றான். அவனோடு அவள் பழையபடி பேச வெகுநாள் ஆயிற்று. கோவிலுக்கு மட்டும் தவறாமல் போனாள். பாட்டு வரும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பாள். இந்தக் கிழவனுக்கு ஒருநாள் வராமலா போகும் என்பதுதான் அவள் ஜெபம்.

வந்தது. போன வருஷம் அருமைநாயகத்துக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போயிற்று. காது மட்டும் கிண்ணென்று இருந்தது. ஹெப்சிபாவுக்கு அது போதும். கஞ்சி, மருந்து, துணி மாற்றுவது எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த கையோடு மின்சாரப் பியானோ ஒன்றை வரவழைத்து, அவர் அறைக் கதவை ஒட்டி ஹாலில் போட்டாள். விரல்கள் கட்டைபோல் இருந்தன. பிடிவாதமாகப் பழகினாள். பழகியதும் சத்தத்தைக் கூட்டிவைத்து, அவர் காதில் விழட்டும் என்றே ஒவ்வொரு உலகப் பாட்டாக வாசித்தாள்.

உள்ளேயிருந்து முனகல் வரும். இடது கையால் கட்டில் சட்டத்தை அடிக்கிற சத்தம் வரும். ஆகா, அந்தச் சத்தம்! தவிக்கட்டும், நல்லாத் தவிக்கட்டும் என்று இன்னொரு வால்ட்ஸை எடுப்பாள்.

“அப்பாவுக்குப் பிடிக்கலை போலுக்கே. பைய வாசிக்கக் கூடாதா?” என்பான் வேதமுத்து.

“பைய வாசிச்சா உள்ள கேக்காதுல்லா” என்பாள்.

ஈவிரக்கம் இல்லையா என்று கேட்பவர்கள், தங்கள் உயிரான பொருளைத் தங்கள் பேரைச் சொல்லியே ஏலம்விடக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

ஒரு மத்தியானம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. பியானோ சட்டென்று ஊமையானது. உடனே உள்ளே முனகல், கட்டில் சட்டத்தில் அடி. ஹெப்சிபாவுக்குத் திக்கென்றது. வாசிப்பு நின்ற பிறகு எதற்கு அடிக்கிறார்? யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தச் சத்தம் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் இடையில்தான் வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இடது கை விரல்கள் போர்வையின்மேல் தாளம் போட்டன. கண்ணோரம் நீர் வழிந்தது. அவள் நிறுத்தினாள். கண் திறந்தது.

“பா…ட்டு” என்றார். “இன்…னும்.”

இவ்வளவு நாளும் தண்டனை என்று நினைத்து இந்த ஆளுக்கு விருந்தல்லவா வைத்திருக்கிறாள்! பறித்தவனே உட்கார்ந்து ருசிக்கிறான்.

வேதமுத்துவுக்குக் கேட்பானேன், ஒரே ஆனந்தம். “அப்பா அழுதாவ ஹெப்சி! மனசு மாறிட்டாவ. கர்த்தர் செயலு. நீயும் பழசையெல்லாம் விட்டுரு.”

“மனசு மாறுனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னும் வேணும்னு கேக்க நாக்கு வருதுல்லா?”

அவன் அதோடு விடவில்லை. குருவானவரிடம் போய்ச் சொன்னான், அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “டீச்சர், உங்க இசையால பெரியவரைத் தேத்துதீங்களே, பெரிய ஊழியம். ஞாயித்துக்கிழமை சபையில சொல்லப் போறேன், எல்லாரும் கைதட்டணும்” என்றார். ஹெப்சிபா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் கொடுக்காத ஒன்றுக்கு அவள் பேரில் மறுபடியும் கைதட்டலா?

அன்றோடு வாசிப்பதை நிறுத்தினாள். முனகல் வந்தது, அடி வந்தது, இவள் அசையவில்லை. ஆனால் ஒரு வாரம் போவதற்குள் அவளுக்கே தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று மூடினால், மூடிய பியானோ யாருடையது? அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அவள்தானே இழந்து நிற்கிறாள்? சீ, இந்த மனுஷன் படுத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் என்னைத் தோற்கடிக்கிறானே என்று மனசு கொதித்தது.

மறுநாள் காலை வண்ணார்பேட்டைக்குப் போய் ஒரு கடையில் நல்ல ஹெட்போனாகக் கேட்டு வாங்கிவந்தாள்.

வந்ததும் வேதமுத்துவைக் கூப்பிட்டு, “உங்கப்பாவைச் சக்கர நாற்காலியில ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்” என்றாள். அவனுக்கு வாயெல்லாம் பல். தகப்பனாருக்கு முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, பியானோவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். கிழவர் அவள் விரல்களையே பார்த்தார். வாய்க்கோணல் ஒரு சிரிப்பாயிற்று.

ஹெப்சிபா ஹெட்போன் ஒயரைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். அவளுக்குள்ளே அந்த நாக்டர்ன் முழுசாகத் திறந்தது. இடது கை ஓடியது, வலது கை தயங்கியது. உடம்பு சிலிர்த்தது. வெளியே கட்டை அமுங்குகிற டொக் டொக் சத்தம்தான்.

அருமைநாயகம் கழுத்தை நீட்டினார். இடது கையைக் காதருகே கொண்டுபோனார். வேதமுத்துவுக்கு விஷயம் புரிந்து முகம் செத்துவிட்டது. “ஏட்டி, என்ன காரியம் செய்யுத?” என்றான். அவள் பாட்டை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கிழவர் உதடு துடித்தது. “கே…க்கலை” என்றார்.

ஹெப்சிபா ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் விலக்கினாள்.

“எனக்கு நல்லாக் கேக்கு மாமா” என்றாள். திரும்ப மாட்டிக்கொண்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.