அப்பா சீரியஸ்

அலாஸ்காவோட வடக்குக் கோடியில ஒரு முனிசிபாலிட்டி. பேருதான் முனிசிபாலிட்டி, பரப்புல தமிழ்நாட்டைவிடப் பெரிசு. ஜனத்தைத் திரட்டினா நாலு கல்யாண மண்டபத்துக்குத் தேறினா அதிகம். பூமிக்கடியில எண்ணெய் இருக்கு, அதனாலதான் என்னை மாதிரி ஆளுங்க அங்க போறோம். ரெண்டு வாரம் அங்க பைப்லைன் வேலை, ரெண்டு வாரம் டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல பொண்டாட்டியோட. இப்படியே ஆறு வருஷம் ஓட்டியாச்சு.

போன ஜனவரியில ஒருநாள் அங்க இருக்கும்போது அவ போன் பண்ணினா. "ஈரோட்டிலிருந்து உங்க அண்ணன் கூப்பிட்டாருங்க. அப்பா சீரியஸாம், உடனே கிளம்பி வரச் சொன்னாரு"ன்னு சொல்லி ஓன்னு அழுதா.

எங்க வீட்டுல யாரும் செத்ததே கிடையாது. எல்லாருக்கும் சீரியஸ்தான். தாத்தா சீரியஸ்னாங்க, போய்ப் பார்த்தா ஐஸ் பெட்டியில கிடந்தாரு. சித்தப்பாவுக்கும் அதே கதை. தூரத்துல இருக்கறவன் பதறிடக் கூடாதாம்! அதனால நான் அண்ணனைக் கூப்பிட்டு எதுவும் கேக்கலை. அவன் வாயால அதைக் கேக்கற தைரியம் எனக்கு இல்லை.

அன்னிக்குப் பனிப்புயல் வந்துக்கிட்டிருந்தது. ஏர்போர்ட்டை மூடறதுக்குள்ள ஒரே ஒரு விமானம், அதுல ஒரே ஒரு சீட். சூப்பர்வைசர் அதை எனக்குத்தான் கொடுத்தார். கூட வேலை செய்யற ஒருத்தனோட பொண்டாட்டிக்கு, நாள் இருக்கும்போதே பிரசவ வலி வந்துடுச்சு. அவன் வாயைத் திறந்து கேக்கக்கூட இல்லை, கதவுகிட்ட நின்னான், அவ்வளவுதான். "நீ போ, நான் போய் இனிமே யாரைப் பார்க்கப் போறேன்"ன்னு சீட்டைத் தூக்கிக் கொடுத்துட்டேன். பெரிய தர்மப்பிரபுன்னு நினைப்பு எனக்கு!

புயல் ரெண்டு நாள் வெளுத்து வாங்கிச்சு. போனும் போச்சு, நெட்டும் போச்சு. ஊர்ல இந்நேரம் எடுத்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டு, கேம்ப் பாத்ரூம்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு அழுதேன். மூணாம் நாள் லைன் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எப்பண்ணா எடுத்தீங்க?"

"என்னத்தைடா?"

"அப்பாவை..."ன்னு இழுத்தேன்.

"அப்பா ஐ.சி.யூ.ல இருக்காருடா. உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு. எந்த ஊர்டா வந்திருக்கே நீ?"

உயிரோட இருக்கற மனுஷனுக்குத் தலை முழுகியிருக்கேன், பாவி.

அன்னிக்கே கிளம்பினேன். டல்லாஸ் ஏர்போர்ட்டுக்கு அவ பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. கோயம்புத்தூர்ல இறங்கினப்போ அண்ணன் மட்டும் நின்னான். மொட்டை அடிச்சிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் போயிட்டாராம். அந்த முதல் சீட்டுல ஏறியிருந்தா அவரோட ஒரு முழு நாள் இருந்திருப்பேன்.

அண்ணன் திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. ஈரோட்டுக்குப் பாதி தூரம் வண்டியை ஓட்டினான். அப்புறம் சொன்னான்: "சின்னவன் பிளேன் ஏறிட்டானான்னு கேட்டாரு. முதல் நாளே ஏறிட்டாம்பான்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து தூங்க மாட்டேன்னுட்டாரு. நீ வர்றப்போ முழிச்சிருக்கணுமாம்."