கெர்னலில் தமிழ்ச்செல்வி என்றொரு பெயர்

தமிழ்ச்செல்வி அக்காவின் பெயரை எங்கள் கம்பெனி திருடியது. போன வாரம் அவர் மாரடைப்பில் இறந்த செய்தியை, "எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கு" என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அதே கம்பெனிதான்.

நெல் கொள்முதல் நிலையங்களில் எடையைப் பதிவுசெய்யும் கைக்கருவியைத் தஞ்சாவூரில் நாங்கள் செய்தபோது, அதன் கெர்னலை அமைத்தவர் அக்கா. கருவியின் அடிப்படை மென்பொருளில் எது ஓட வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிற வேலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றியவர் காரணத்தை எழுதி, கீழே தன் பெயரைப் போட வேண்டும். "எதை அணைச்சாலும் பேரைப் போடு தம்பி. நாளைக்குத் திட்டறதுக்கு ஆள் வேணும்ல" என்பார்.

பேட்டரி நீடிக்கட்டும் என்று, எடை பதிவானதும் கருவி கையில் அதிர்வதை ஒருமுறை அணைத்துவிட்டார். வலங்கைமான் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல். எடை பதிவானதா என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டை தூக்குபவர் ஒருவர் கருவியைத் திருப்பிப் பார்த்து, "சத்தமும் கேக்கல, ஒதறவும் மாட்டேங்குது. முதுகு சொறியவாம்மா குடுத்தீங்க?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தார். குறிப்பில் "அணைத்தது என் தவறு" என்று எழுதிப் பெயரைப் போட்டார்.

கருவியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்றும் நேரத்தில், எல்லாக் குறிப்புகளிலும் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் மேலாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அக்கா நேராகப் போய்க் கேட்டார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. உங்களது எங்களதுன்னு பிரிக்காதீங்க" என்றார் மேலாளர்.

"பிரிக்கல சார். என் தப்பைக்கூட நீங்க செஞ்சதா போட்டிருக்கீங்க. அதையாவது திருப்பிக் குடுங்க."

வெளியே வந்தபோது அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "குத்தாலத்துல எங்கம்மா நட்ட வயலுக்கெல்லாம் வேற ஆளு பேருதான். இதுலயாவது என் பேரு இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

நேற்று அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். அதே மேலாளர் படத்துக்கு மாலை போட்டார். அக்காவின் புன்னகையைப் பற்றிப் பேசினார், பொறுமையைப் பற்றிப் பேசினார். கெர்னல் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

செய்ததற்குத் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கிற பழக்கம் ஒன்றுதான் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. எழுந்து என் பெயரைச் சொன்னேன். "பழைய குறிப்புகளோட நகல் என் கம்ப்யூட்டர்ல இருக்கு சார். அக்கா பேரைத் திரும்பப் போடுங்க."

"டீ வந்துடுச்சு, எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார் அவர்.

"பேரைப் போடுங்க சார்."