பையில் வைத்திருந்த வெடி

எங்கள் போளூர் மலைக்கிராமப் பாதையில் நடக்கும்போது காட்டுமாட்டுக்குப் பயந்து பையில் வெடி வைத்திருப்பேன். என் மனைவி எதையும் எடுத்துவர மாட்டாள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நின்று, மாடு இருந்தால் விலகட்டும் என்று உரக்கக் குரல் கொடுப்பாள். எதற்கு இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் எதிரிலேயே காட்டுமாடு நின்றது.

"பொறுங்க, அதுவா போயிரும்," என்றாள்.

நான் கேட்கவில்லை. வெடியைப் பற்றவைத்து எறிந்தேன். மாடு மிரண்டு, கீழ்நோக்கி ஓடியது. கீழே பூண்டுக்காட்டிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். மாடு முட்டியதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவரே என்னிடம் சொன்னார்: "வெடிச்சத்தம் கேட்டுச்சு தம்பி. மேல நம்ம ஆளுக இருக்காங்கன்னு தைரியமா ஏறி வந்தேன்."