எல்லோருக்கும் போகும் பதில்

எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குரூப் சண்டையில் உடைந்த பிறகு மெயில் லிஸ்டுக்கு மாறினோம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. யார் ரிப்ளை அழுத்தினாலும் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. தண்ணீர் லாரி வரவில்லை என்று ஒருவர் எழுதினால் முப்பது பேர் பதில் போடுவார்கள். லிஸ்டில் இல்லாத முகவரியிலிருந்து வருவதையும், படம் இணைத்து வருவதையும் ஸ்பாம் ஃபில்டர் நிறுத்திவைக்கும். நான் பார்த்து உள்ளே விட்டால்தான் எல்லோருக்கும் போகும்.

ஒரு நாள் தெரியாத முகவரியிலிருந்து ஒரு மெயில் நின்றிருந்தது. லோன் விளம்பரமாக இருக்கும், அழித்துவிடலாம் என்று திறந்தேன். என் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கும் பெண் எழுதியிருந்தாள். மாடித்தோட்டம் பற்றி நான்காம் மாடிக்காரி அனுப்பிய மெயிலுக்கு ரிப்ளை. நான்காம் மாடிக்காரிக்கு மட்டும் போகும் என்று நினைத்திருக்கிறாள்.

"அக்கா, ரெண்டாம் மாடிலேர்ந்து நான்தான், புது ஐடில எழுதறேன். போன் அவர்கிட்ட இருக்கு. இனிமே அடி தாங்க முடியாது. நாளைக்கு அவர் டூட்டிக்குக் கிளம்பினதும் என்னை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க, போதும்."

அவள் புருஷனும் லிஸ்டில் இருக்கிறார். பழைய முகவரியிலிருந்து எழுதியிருந்தால் இந்நேரம் படித்திருப்பார். உடனே அழித்தேன். அழிந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்காம் மாடிக்காரிக்கு மெயில் போடத் துணிவில்லை. படியேறிப் போய்க் காதோடு சொன்னேன். "சரிங்க" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை துவாக்குடி கம்பெனி பஸ் அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு போன பிறகு நான்காம் மாடிக்காரியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கக்கூடப் பயந்தேன்.

சாயங்காலம் ஃபில்டரில் அவருடைய மெயில் நின்றது, அவள் போட்டோவோடு. 'என் மனைவியைக் காணவில்லை. பார்த்தவர்கள் ரிப்ளை செய்யவும்.' அதைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் காலிங்பெல் அடித்தது. வீட்டில் நான் மட்டும்தான்.

"அக்கா, என் மெயில் இன்னும் போகலை. நீங்கதானே விடணும்?"

"ஸ்பாம்ல மாட்டியிருக்குங்க. அப்புறம் பாக்கறேன்."

"இப்பவே பாருங்க. நான் இருக்கேன்."

உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரல் சாதுவாகத்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மெயிலை விட்டேன். எங்கள் ஆட்களுக்கு ஓட்டை வாய். கரிசனத்தில் யாராவது 'காலைல கார்ல பாத்தேனே' என்று எழுதிவிட்டால்?

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போதும் ஒன்றும் வரவில்லை. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பக்கத்து வீட்டு டிவியில் செய்தி வாசிப்பது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. இந்தச் சுவர்களின் லட்சணம் அவ்வளவுதான். அவள் அடிவாங்கும் சத்தம் எத்தனையோ நாளாக எல்லா வீட்டுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கும்தான்.

"ஒருத்தர்கூட ரிப்ளை பண்ணலையேக்கா" என்றார், என்னைத் திரும்பிப் பார்த்து.