வாக்குத்தத்த அட்டையும் வலிப்பு மாத்திரையும்

முதலில் சீப்புதான் கீழே விழுந்தது. கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் என் மகள் ஷீபாவின் கை திடீரென்று வெட்டி இழுக்கும். வாரிக்கொண்டிருந்த சீப்பு கூடத்தில் போய் விழும். "கவனம் எங்கடி இருக்கு?" என்று ஒரு மாதம் திட்டினேன். உங்களில் யாராவது அப்படித் திட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது கவனக்குறைவு இல்லை, நோயின் முதல் அடையாளம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை குழாயடியில் விழுந்தாள். உடம்பெல்லாம் வெட்டியது. வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை அவள் கைக்குள் திணித்தார். நான் கரண்டிக் காம்பை வாய்க்குள் விடப் பார்த்தேன். இரண்டும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

தஞ்சாவூரில் இ.இ.ஜி. (மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்தார்கள். வலிப்பு நோய் என்றார் டாக்டரம்மா.

"இரும்பு கிரும்பெல்லாம் குடுக்காதீங்க. வாயில எதையும் விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு மணியப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

"எப்ப டாக்டர் சரியாகும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா பெரும்பாலும் வராது. எத்தன வருஷம்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

நாற்று விட்டால் இத்தனை நாளில் நடவு என்று தெரிந்து வாழ்கிறவர்கள் நாங்கள். 'சொல்ல முடியாது' என்ற அந்த வார்த்தை எங்களுக்கு நோயைவிடப் பாரமாக இருந்தது.

ஷீபா வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வகத்தில் நெருப்பும் அமிலமும் இருக்கும். இரண்டு மாதம் வலிப்பு வராமலிருந்து, டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விட முடியும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். தவறினால் ஒரு வருடம் போய்விடும். காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தோம்.

எங்கள் லுத்தரன் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு தட்டில் பைபிள் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருகிறதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தருகிற வாக்குத்தத்தம். ஷீபா காய்ச்சலில் படுத்திருந்ததால் அவளுக்கும் நானே எடுத்தேன்.

வந்தது, பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். என் மனம் ஏற்கவில்லை. "ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சுங்கய்யா" என்று பொய் சொல்லித் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது அட்டை சுகம் தருவதைப் பற்றியது. அதைக் கொண்டுபோய், "உனக்கு வந்தது" என்று கொடுத்தேன். அவள் அழுதுவிட்டாள். பாடநோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

அன்றே அவள் மாத்திரையை நிறுத்தியது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது விழுந்தாள். கல்லில் மோதி நெற்றி பிளந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பார்த்தேன். நான்கு நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நெற்றியில் தையல் போட்டபின் டாக்டரம்மா, "மாத்திரைய விட்டியா?" என்று கேட்டார்.

"ஆண்டவரே சுகம் தர்றேன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறமும் மாத்திரை சாப்பிட்டா நான் அவர நம்பலன்னு ஆயிடாதா டாக்டர்?"

அவர் கோபிக்கவில்லை. "தரட்டும்மா. மாத்திரை வழியா தர மாட்டேன்னு அவர் சொன்னாரா?"

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டவர் ஏமாற்றிவிட்டார் என்று என் பிள்ளை காலமெல்லாம் நினைப்பாளே? வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"மூணாவதா எடுத்ததா?"

"ஆமாடி."

"அப்ப பொய் சொன்னது ஆண்டவர் இல்ல, நீ."

"நான்தான்."

சிரிக்கப் போனாள். தையல் இழுத்ததால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பரீட்சையில பிட்டு அடிச்சா எங்கள வெளிய அனுப்பிடுவாங்க. உன்ன எங்கம்மா அனுப்புறது?"

அதோடு சரி. பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதக் கணக்கு அறுந்துவிட்டதால் அந்தச் செய்முறைத் தேர்வை அவளால் செய்ய முடியவில்லை. கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு அடுத்த வருடம் செய்ய வேண்டும். "ஒரு வருஷம் போச்சேடா" என்று இவர் கலங்கினார். "எங்கப்பா போச்சு? நான் இங்கதான இருக்கேன்" என்றாள்.

நான் ஐயரிடமும் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் இப்போது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். அன்றைய பாடத்துக்காகவும், பஸ் பயணத்துக்காகவும் ஜெபித்துவிட்டு விழுங்குகிறாள்.

"வேலை, கல்யாணம், இதுக்கெல்லாம் ஜெபிக்க மாட்டியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜெபிக்கிறேம்மா. பயமாவும் இருக்கு, அதையும் சொல்றேன். பதில மட்டும் நானே எழுதி வச்சுக்கிறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் நடக்கிறேன். ஏழு மாதமாக வலிப்பு இல்லை. எத்தனை வருடம் என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை. நாங்களும் இப்போது கேட்பதில்லை.

வலிப்பு உள்ளவர்கள் குளியலறையில் தாழ்ப்பாள் போடக்கூடாது. அதனால் அவள் குளிக்கும்போது நான் வெளியே உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். என் உடம்பு முழுவதும் காதாகிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவே கொஞ்சம் அமைதி வரும். முன்பெல்லாம் எழுந்து ஓடிக் கதவைத் தள்ளுவேன். இப்போது கையிலிருக்கும் கீரையோடு அப்படியே உட்கார்ந்து, "ஆண்டவரே" என்கிறேன். அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.

இன்று அந்த அமைதி சற்று நீண்டது. நான் எழவில்லை.

"அம்மா, சோப்புதான் போடுறேன்" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "நீ போய் இட்லிய எடுத்து வை, பஸ் வந்துரும்."