மதாம் வீட்டு பெத்ரோல்

மண்டபத்தூர்ப் பக்கம் ஒரு கார் நின்றுவிட்டது என்று சைக்கிளில் ஒருவர் வந்து சொன்னபோது, நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. காரைக்காலில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒர்க்‌ஷாப்புகளே இருந்தன. யாருடைய கார் என்று கேட்டேன். "மதாம் வீட்டு அம்பாசடர்" என்றார். கடைசி நட்டை முறுக்கிவிட்டு, டூல் பையைத் தூக்கிக்கொண்டு அந்த லாரியிலேயே கிளம்பிவிட்டேன்.

மதாம் என்று ஊரே அழைத்தது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு தமிழரின் மனைவியை. கணவரோடு பல வருடம் சைகோனில் இருந்தவர். கணவர் இறந்த பிறகு பென்ஷனையும் பெரிய வீட்டையும் அந்த வெள்ளைக் காரையும் தனியாளாகக் கட்டி ஆண்டார். நல்ல மனுஷி. கோபம் வந்தால் மட்டும் பக்கத்தில் நிற்கக் கூடாது. எனக்கும் அதே வியாதி உண்டு என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

புதுச்சேரிக்குக் கிளம்பிய பயணம் நடுரோட்டில் நின்ற எரிச்சலில் இருந்தார் மதாம். டிரைவர் கலியபெருமாள் பானெட்டைத் திறந்துவைத்து வியர்த்துப்போய் நின்றான். கருக்களாச்சேரிக்காரன். மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் போட்டில் கால் வைத்தாலே குடலைப் பிடுங்கும் வாந்தி. அதனால் டிரைவிங் கற்றுக்கொண்டு, சமீபத்தில்தான் இந்த வேலைக்கு வந்திருந்தான். டிரைவர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவனுக்குப் பெண்ணே பேசி முடித்திருந்தார்கள்.

"கெளம்புறப்ப நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கொஞ்ச தூரத்துலயே இழுக்கல. அப்புறம் இன்ஜின்ல டொக்கு டொக்குன்னு ஒரே நாக்கிங். பொகையாத் தள்ளி நின்னு போச்சு" என்றான்.

பிளக்கைக் கழற்றினேன். கரியும் ஈரமுமாக இருந்தது. கார்புரேட்டரைத் திறந்து உள்ளே இருந்ததில் விரலை நனைத்தேன். பெட்ரோல் என்றால் விரல் சில்லென்று ஆகி உடனே காய்ந்துவிடும். இது காயாமல் எண்ணெயாக ஒட்டிக்கொண்டு நின்றது. மோந்து பார்த்தால் அடுப்பங்கரை வாசனை.

"மதாம், டாங்க்ல மண்ணெண்ணெய் கலந்திருக்குங்க."

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த காலம். டாங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைப்பது சில டிரைவர்களின் ஊரறிந்த வித்தை. மதாமுக்கும் அது தெரியும்.

"அடப் பாவி! ஒன்ன நம்பித்தானே சாவியக் குடுத்தேன்? திருட்டுப் பயலே!"

ரோட்டோரம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கலியபெருமாள் முகம் செத்துப்போயிற்று. "சத்தியமா இல்லீங்க மதாம். பங்க்குல ஸ்டாக் இல்லன்னு, ஷெட்டுல உள்ள பெட்ரோல் கேன ஊத்தச் சொல்லி சவரிகிட்ட சொன்னேன். நான் ஒங்க பொட்டியத் தூக்க மாடிக்கு வந்துட்டேன். வேற எதுவும் தெரியாதுங்க."

லாரியில் கயிறு கட்டிக் காரை வீட்டுக்கு இழுத்து வந்தோம். சவரி அந்த வீட்டின் பழைய தோட்டக்காரர். விசாரித்தால், "அவரு பெட்ரோல் ஊத்தச் சொன்னாரு. நான் பெட்ரோல்தான் ஊத்துனேன். மாதா மேல ஆணைங்க" என்றார். அவர் முகத்திலும் பொய் இல்லை. ஆனால் மதாமுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"டாங்க்ல இருந்தத முன்னாடியே திருடிட்டு, அந்தாளு மேல பழியப் போடுறியா? சாவிய வச்சிட்டுப் போ."

கலியபெருமாள் சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தான். அவன் போனால் மறுபடி அந்தப் போட்டுதான், கல்யாணமும் போச்சு. "செத்த இருப்பா" என்று அவனை நிறுத்திவிட்டு, "சவரி, அந்தப் பெட்ரோல் கேனக் கொண்டாங்க, பாப்போம்" என்றேன்.

ஒரு நீல கேனைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்ததுமே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யோவ், இது மண்ணெண்ணெய்!"

மதாம் என் மேல் பாய்ந்தார். "அவன ஏன் திட்டுற? சரியாத்தானே கொண்டாந்திருக்கான்? அதான் பெத்ரோல். அடுப்புக்கு ஊத்துறது."

"அப்ப காருக்கு ஊத்துறது என்னங்க?"

"அது எஸ்ஸான்ஸ்!"

பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பிரெஞ்சில் காருக்கு ஊற்றுவது எஸ்ஸான்ஸ்; பெத்ரோல் என்றால் விளக்கெரிக்கிற மண்ணெண்ணெய். சைகோனிலிருந்து வந்த அந்தப் பேச்சு சவரிக்கும் பழகிவிட்டது. புதிதாக வந்த டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் போய்ப் பார்த்தால், எஸ்ஸான்ஸ் கேன் தொடாமல் அப்படியே இருந்தது.

"ஏன்யா சவரி, காருக்குப் போயி அடுப்பு எண்ணெயான்னு தோணலையா?"

"மதாம் வீட்டு காரு. அது எதக் குடிக்கும்னு எனக்கென்னங்க தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். மதாம் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"திருடன்னு நாலு பேரு முன்னாடிதான் சொன்னேன். நாலு பேரு முன்னாடியே கேட்டுக்க. தப்பு என்னுது. மனசுல வச்சுக்காதப்பா."

சாவியை அவன் கையில் வைத்தார். அவன் சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குத் திரும்பி வந்தான்.

டாங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, இன்ஜின் ஆயிலையும் மாற்றினேன். மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். ஷெட்டில் இருந்த எஸ்ஸான்ஸ் கேனை ஊற்றி செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு, சொன்ன பெயரை நம்பி உட்காராதீர்கள். கேனைக் கொண்டுவரச் சொல்லி மோந்து பாருங்கள். ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதென்றால் அதற்கப்புறம் வரலாம்.

கலியபெருமாள் காரை ரிவர்ஸ் எடுத்து கேட்டருகே நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கேட்டான்:

"பங்க்குல ஸ்டாக் வந்துருச்சாம் மதாம். எஸ்ஸான்ஸ் போட்டுட்டு வந்துரட்டுங்களா?"