ரேடியேட்டருக்குள் காப்பு மஞ்சள்

மருதுபாண்டியின் வெள்ளை அம்பாசடருக்கு ஊருக்குள் தண்ணிவண்டி என்று பெயர். வாயில் ஒரு சொட்டுச் சாராயம் படாத மனிதர், வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர், அவர் வண்டிக்குப் போய் இப்படி ஒரு பேரா என்று அவர் மனைவி மகேஸ்வரிக்கு வருத்தம்தான். ஆனால் பேர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கார் டீசலைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடித்தது.

ரேடியேட்டர் பழசு. அடித்தொட்டியைப் பற்றவைத்த ஓரம் விட்டுப்போய், நிறுத்துகிற இடமெல்லாம் ஈரம் விழும். இராமநாதபுரத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் ஹமீது சுல்தான் பார்க்கும்போதெல்லாம் மாற்றச் சொல்வார். மருதுபாண்டி தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். கஞ்சத்தனம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

முன்னொரு தடவை ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் போன வழியில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர், கொஞ்சம் மஞ்சள் பொடியை உள்ளே போட்டால் ஓட்டை அடையும் என்று சொல்லிவிட்டுப் போனார். நடுக்காட்டில் மஞ்சளுக்கு எங்கே போவது? வண்டிக்குள் இருந்தது அம்மன் சிலைக்குச் சாத்தி எடுத்த காப்பு மஞ்சள் ஒரு பொட்டலம். "தாயே, நீயே பாத்துக்க" என்று அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். ஒழுகல் நின்றது. தாலி கட்டுவதற்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கடை மஞ்சள் போட்டாலும் நின்றிருக்கும் என்று எத்தனை பேர் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அம்மன் அடைத்த ஓட்டையை மனுசன் போய்ப் பிரிக்கலாமா? அதிலிருந்து எப்போது ஒழுகினாலும் காப்பு மஞ்சள்தான்.

ஆனி மாதத்து வெயிலில் அன்று காலையும் வண்டிக்கடியில் ஈரம் தெரிந்தது. இருக்கிற மஞ்சளில் ஒரு பிடி அள்ளிக் கரைத்து ஊற்றினார். பட்டென்று நின்றது. நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு சின்னச்சாமி வீட்டுக்குக் காரை எடுத்தார்.

சின்னச்சாமி ஒரு காலத்தில் ஒற்றை ஆளாக நின்று மிளகாய்த் தோட்டம் பார்த்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். காலையில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர், சாயங்காலம் ஒன்று, அதற்கு மேல் கூடாது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். கூட்டிப் போவது மருதுபாண்டி வண்டிதான். முந்தின முறை சின்னச்சாமி போகவில்லை. பரமக்குடியில் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரைப் பார்க்காமல் எப்படி என்று போய்விட்டார். போனவர், மனைவி பூமயில் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்துப் பன்னீர் சோடாவும் குடித்திருக்கிறார்.

இப்போது கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸுக்குப் பேசினால், வண்டி இராமேஸ்வரம் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பூமயில் மருதுபாண்டியின் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்க மதினி, நம்ம வண்டி இருக்கு" என்றார் அவர்.

ஊரைத் தாண்டிக் கருவேலங்காட்டு ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். சூடு காட்டுகிற முள் மேலே ஏற ஆரம்பித்தது. மருதுபாண்டிக்குப் புரியவில்லை. ஒழுகல் இல்லை, தண்ணீர் நிறைய இருக்கிறது, பிறகு ஏன் கொதிக்க வேண்டும்? மெதுவாக விட்டுப் பார்த்தார். முள் இறங்கவில்லை. பானெட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி முழுக்க ஆவி அடித்தது.

இறங்கிப் பார்த்தால், பற்று விட்ட ஓரம் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. கொட்டுகிற தண்ணீர் குழம்பு மாதிரி மஞ்சளாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்குப் புரிந்தது. ஓட்டையை அடைத்த மஞ்சள் உள்ளே ஓடுகிற குழாய்களையும் அடைத்திருக்கிறது. இத்தனை வருசமாக, ஒவ்வொரு பிடியாக.

பின் சீட்டில் சின்னச்சாமி வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம் இல்லை. வண்டியில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றினார். ஊற்றியது அப்படியே ரோட்டில் ஓடியது. நிற்காத தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் என்ஜின் கொஞ்ச தூரம் தாங்கும். ஆனால் ஊற்றத் தண்ணீர் வேண்டுமே.

அந்த நேரம் குடவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். பக்கத்து ஊர் முருகம்மாள். தள்ளுவண்டியில் அடுக்கிய குடங்களின் வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்தார். மருதுபாண்டி கிட்டே போனார்.

"உப்புத் தண்ணியாக்கா?"

"நல்ல தண்ணிண்ணே. இருட்டோட போயி ஊத்துல அள்ளுனது."

ஒரு குடம் ஊற, ஊற்றுக் குழியில் அகப்பையும் கையுமாக எவ்வளவு நேரம் குந்தியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதை ஓட்டைக் காருக்கு ஊற்று என்று எந்த வாயால் கேட்பது? அவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். முருகம்மாளும் பார்த்தார். குடங்களை இறக்கினார். இரண்டு குடத்தை ரேடியேட்டரிலும், கொதிக்கிற என்ஜினைச் சுற்றியும் ஊற்றினார்கள். மிச்சக் குடங்களை முருகம்மாளே காருக்குள் தூக்கி வைத்தார்.

"குடத்தோட கொண்டு போங்க. மனுசன் பொழச்சு வரட்டும், குடம் பெறகு வரட்டும்."

கொஞ்சம் ஓட்டுவதும், நிறுத்தி ஊற்றுவதும், மறுபடி ஓட்டுவதுமாகக் கார் நகர்ந்தது. சின்னச்சாமியின் முழங்காலோடு ஒட்டிக் குடங்கள் தளும்பின. அவர் உதடு வெடித்திருந்தது.

"ஏலே மருது, அந்த இரும்புக்குக் குடங்குடமா ஊத்துற. எனக்கு ஒரு மடக்கு குடுக்க ஒருத்தருக்கும் மனசு வரலையே."

"அது குடிச்சாத்தான் ஓடும்" என்றார் பூமயில். "நீங்க குடிச்சா நின்னுரும்."

முந்தானையை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டார்.

அடுத்த திருப்பத்தில் மருதுபாண்டி கண்ணாடியில் பார்த்தார். பூமயில் சாயப்போன ஒரு குடத்தைக் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார். சின்னச்சாமியின் கை இன்னொரு குடத்தின் வாய்த்துணியை விலக்கி உள்ளே இருந்தது. கை குழிந்து, தண்ணீரோடு மேலே வந்தது.

"அண்ணே" என்றார் மருதுபாண்டி.

கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் பார்த்துக்கொண்டன. கை அப்படியே நின்றது. பிறகு சின்னச்சாமி அந்தத் தண்ணீரை முகத்தில் அப்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

தேவிபட்டினம் மெயின் ரோடு ஏறும்போது கடைசிக் குடமும் தீர்ந்தது. என்ஜின் இரும்பை இரும்பால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. ஆறவிட்டு எடுக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அதற்குள் பின்னாலிருந்து வந்த மூச்சுச் சத்தம் மாறியிருந்தது. கோழை கொதிக்கிற மாதிரி. மருதுபாண்டி தோள்துண்டை உருவிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றார். ஒரு கார் ஒதுங்கிப் போனது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் நகரவில்லை.

மூன்றாவதாக வந்த மீன் வண்டி நின்றது. ஓட்டி வந்த நுஃமான் எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி ஒரு பக்கம் தாங்கினார். ஐஸ் உருகி வண்டியின் பின்னால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்னச்சாமி அந்த மூச்சுமுட்டலிலும் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே… இதுவும் ஒழுகுதேடா."

முன் சீட்டில் அவரையும் பூமயிலையும் ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது. மருதுபாண்டி காரோடும் காலிக் குடங்களோடும் ரோட்டோரம் நின்றார். மஞ்சள் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அதைக் கீழே போடவும் முடியவில்லை, உள்ளே வைக்கவும் முடியவில்லை. 'தாயே, வண்டி கெடந்துட்டுப் போகுது, அந்த மனுசனை விட்டுரு' என்று மட்டும் கும்பிட்டார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் காருக்கு அந்தப் பக்கம் சாய்ந்த பிறகுதான் அது அடித்தது.

"மெசின்ல போட்டாச்சு தம்பி" என்றார் பூமயில். "கண்ணு முழிச்சதும் தண்ணி கேக்குறாரு."

மருதுபாண்டி காலிக் குடங்களை ஒவ்வொன்றாகக் காருக்குள் அடுக்கினார்.

பட்டறையில் ஹமீது சுல்தான் பழைய ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். குழாய் வாய் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மஞ்சள் களிமண் பூசின மாதிரி இறுகிக் கிடந்தது. கேலி பண்ணுவார் என்று மருதுபாண்டி எதிர்பார்த்தார். ஹமீது சுல்தான் அந்த மஞ்சளைக் காலில் படாமல் ஒரு தாளில் வழித்து எடுத்தார்.

"இது மேல கொறையில்ல மாப்ள. பட்டறை வரைக்கும் வந்து சேருன்னுதான் ஒன் ஆத்தா ஓட்டைய அடைச்சுச்சு. நீதான் வரல."

மருதுபாண்டி அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பட்டறையில் புது ரேடியேட்டர் மாட்டினார்கள். என்ஜினும் சில நாள் பிரிந்து கிடந்துதான் எழுந்தது. அதுவரைக்கும் சின்னச்சாமியை நுஃமான்தான் கூட்டிப் போனார்.

வண்டி கைக்கு வந்ததும் மருதுபாண்டி செய்த முதல் வேலை, குடங்களைத் துலக்கி, டவுன் குழாயில் காவிரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு முருகம்மாள் வீட்டுக்குப் போனது. வாங்கின ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் யாருக்கும் இல்லை. அந்த வீட்டுக்குத் தண்ணீரை விடப் பெரியதாக எதை வைத்துக் கொடுப்பது?

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் சின்னச்சாமி ஏறும்போது பானெட்டின் நெற்றியில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

"உள்ள போடலையாலே?"

"இனிமே வெளியதாண்ணே."

கருவேலங்காட்டு ரோட்டில் எதிரே குடவண்டி வந்தது. முருகம்மாள் ஓரமாக நிறுத்திக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று மருதுபாண்டி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பின் சீட்டிலிருந்து வேண்டும் என்று ஒரு கை உயர்ந்தது. பூமயில் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, ஆஸ்பத்திரி வரும்வரை விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.